காளீஸ்வரன் எடுக்கிற இடம்

ராக்குவுக்கு வீம்பு அதிகம். உத்தரகோசமங்கைப் பக்கம் மிளகாய்க்காட்டு வேலைக்குப் போகிற அவள், புருசன் காளீஸ்வரன் நாடகத்தில் பாடுவதை இருபத்திரண்டு வருசத்தில் ஒருநாள்கூடப் போய்க் கேட்டதில்லை. அவன் ராஜபார்ட். அவனுக்கு ஜோடியாக ஸ்திரீபார்ட் கட்டுகிறவள் பானுப்பிரியா. மைக்கே தேவைப்படாத வெண்கலத் தொண்டை அவளுக்கு. ஜில்லா முழுக்கத் திருவிழா மேடைகளில் இந்த ஜோடிக்குத்தான் மவுசு. ஜோடி என்றால் ஊர்வாய் சும்மா இருக்குமா? கண்டபடி பேசியது. ராக்கு அதை அப்படியே நம்பித் தொலைத்தாள்.

"உள்ளூர்லதான நாடகம், ஒருநா வந்து கேளு புள்ள" என்று அவன் கெஞ்சுவான்.

"நீங்க அவளக் கொஞ்சுறத நான் வேற வந்து பாக்கணுமாக்கும்?"

அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வாலிநோக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாள். வீட்டில் அவன் பாட வாயைத் திறந்தால் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள்.

போன ஆவணியில் அவனுக்குத் தொண்டையில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை, அதை மூடி ஒரு வெள்ளைத் துணி. அவ்வளவுதான், குரல் போயே போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பானுப்பிரியா டிவியில் பாடினாள். நேரடி ஒளிபரப்பு. கூடப் பாடியவர் வினோத்குமார் என்று ஒரு சினிமாப் பாடகர். காளீஸ்வரன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, பக்கத்துத் தரையைத் தட்டிக் காட்டினான். பேச்சே போனவனிடம் என்ன வீம்பு பிடிப்பது? ராக்கு உட்கார்ந்தாள்.

உச்சத்துக்குப் போகும்போது பானுப்பிரியா மைக்கைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். அப்படியும் டிவி அதிர்ந்தது. ராக்குவுக்குப் புல்லரித்துப் போனது. பொல்லாத குரல்தான், ஒத்துக்கொள்ளாமல் முடியவில்லை. இடப்பக்கம் நின்ற வினோத்குமாரின் குரல் எடுபடவே இல்லை. இந்தத் தொண்டைக்கு எதிரே நின்று பாடுவதென்றால் சும்மாவா?

நாலாவது அடியில் பானுப்பிரியா சட்டென்று நிறுத்திவிட்டு வலப்பக்கம் திரும்பினாள். அங்கே யாருமே இல்லை. வினோத்குமார் திருதிருவென்று விழித்தார். தபேலா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ராக்கு புருசனைத் திரும்பிப் பார்த்தாள். தொடையில் தாளம் போட்டபடி, கழுத்து நரம்பு புடைக்க, அவன் வாயை முழுக்கத் திறந்து பாடிக்கொண்டிருந்தான். துணி படபடத்தது. சத்தம் வரவில்லை.

பாட்டு ஒருவழியாக முடிந்ததும் பானுப்பிரியா கண்ணைத் துடைத்தாள். "மன்னிச்சிருங்க. அது எங்க காளீஸ்வரன் அண்ணே எடுக்கிற எடம். அவுக எடுத்துக் குடுத்துத்தான் எனக்கு மேல போய்ப் பழக்கம். அவுக இல்லங்கிறதயே மறந்து நின்னுட்டேன்."

அண்ணனா? ராக்கு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

காளீஸ்வரன் செல்போனை எடுத்து, அதில் கிடந்த பழைய நாடக வீடியோவைக் காட்டினான். கேட்டுக்கொள், என் குரல் இதில் இருக்கிறது என்று சாடை செய்தான்.

"அத ஊரே கேக்கும். நீங்க கூப்புட்டப்ப எதுக்க வந்து உக்காரலியே நான், பாவி!"

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து டிவியை அணைத்தாள். அவனுக்கு எதிரே பாயை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாடுங்க. மொதல்லேர்ந்து பாடுங்க."

அவன் தாளம் போட்டு ஆரம்பித்தான். கழுத்துத் துளையில் காற்று போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது. ராக்கு கடைசிவரை எழுந்திருக்கவில்லை.