நல்ல கேள்வி

அவர் ஒரு சிறிய தீவு நாட்டின் வழக்கறிஞர். அங்கே தொடங்கியிருந்த சர்வதேச நிதி மையத்துக்குச் சட்டம் எழுதியவர். அதில் கம்பெனி பதிவு செய்யுங்கள் என்று திருப்பூர் ஏற்றுமதியாளர்களை அழைக்க வந்திருந்தார். எங்கள் வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல, பனியன் கம்பெனியில் வேலை பார்த்த என்னை மேடையேற்றியிருந்தார்கள்.

யார் எதைக் கேட்டாலும் “நல்ல கேள்வி” என்று சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அருள்புரத்து முதலாளி ஒருவர் எழுந்தார். “ஏனுங்க, அங்க வழக்குன்னா வெளிநாட்டு ஜட்ஜுங்க சீக்கிரமா தீர்ப்பு சொல்லிருவாங்கங்கறீங்க. உங்கூர் சனத்துக்கும் அதே கோர்ட்டுதானுங்களா?”

அவர் சிரிக்கவில்லை. “எல்லோருக்கும் நீதி உண்டு” என்று மட்டும் சொன்னார். நான்தான் பழக்கத்தில், “நல்ல கேள்வி” என்று சேர்த்துத் தமிழில் சொல்லிவிட்டேன். முதலாளி முகம் மலர்ந்து உட்கார்ந்தார்.

அவரை விமான நிலையத்துக்கு அழைத்துப் போகையில் அவராகவே பேசினார். “அந்தக் கோர்ட் மையத்துக் கம்பெனிகளுக்கு மட்டும்தான். நான் பள்ளியில் படித்தபோது அம்மா போட்ட நில வழக்கு இன்னும் பழைய கோர்ட்டில் கிடக்கிறது.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அந்த முதலாளியிடம் சொல்லுங்கள், அது நல்ல கேள்வி.”

மறுநாள் அருள்புரம் போய், ‘நல்ல கேள்வி’ என்று அவர் சொல்லச் சொன்னதிலிருந்தே ஆரம்பித்தேன்.

“அதத்தான் மேடையிலயே சொன்னாருங்களே” என்றார் முதலாளி. “கேட்டவனை மதிச்சுப் பேசுனாரு. அதுக்காகவே அங்க கம்பெனி பதியக் கையெழுத்துப் போட்டனுங்க.”

மேடையில் அந்த மனிதர் சொல்ல வாய் வராமல் விட்ட வார்த்தைகள் அவை. சொன்னவன் நான்.