ஒரு முழத்துக்குள்ளே

கமலாசனியின் கண்ணில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பூநகரி வீதியில் பஸ் ஒரு பொட்டாகத் தெரியும்போதே அது எந்த பஸ் என்று சொல்லிவிடுவாள். மிதிவெடி அகற்றும் வேலைக்காக வருடாவருடம் நடக்கும் பரிசோதனையிலும், சுவரில் தொங்கும் அட்டையின் கடைசி வரியைத் தடக்காமல் வாசிப்பாள்.

அதனால் சோற்றில் கல் கடிபட்டபோது, அரிசியில் கல் பொறுக்கிய குசினியின் லைற்றைக் குறை சொன்னாள்.

கணவன் நிரஞ்சன் கல்லை எடுத்துச் சோற்றுக் கோப்பை விளிம்பில் வைத்தான். "இஞ்சேரும், இது எங்கட வயல் நெல்லுத்தானே? இல்லாட்டி நீர் வேலையிடத்திலையிருந்து கல்லுக் கொண்டு வாறீரோ?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். லைற் நன்றாகத்தான் எரிந்தது.

வேலை பளைக்கு அப்பால், ஒரு மணற்காணியில். உலோகம் காட்டும் கருவி கத்துகிற இடத்தில் முழங்காலில் நின்று, பக்கவாட்டிலிருந்து கைக்கரண்டியால் மண்ணைச் சுரண்டிப் போக வேண்டும். சில மாதங்களாக வேரும் ஆணியும் வெடியின் விளிம்பும் ஒரே நிறத்தில் கலங்கின. தலையைப் பின்னுக்கு இழுத்தால் கொஞ்சம் தெளியும். ஆனால் கை எட்டுகிற தூரத்துக்கு மேல் எங்கே இழுப்பது? சந்தேகம் வந்தபோதெல்லாம் கையைத் தூக்கி மேற்பார்வையாளன் சுகிர்தனைக் கூப்பிட்டாள்.

"கமலாக்கா ஆணிக்கும் கை தூக்கிறா. இனி மண்புழுவுக்கும் தூக்குவா," என்றாள் கூட வேலை செய்யும் ஸ்ரெல்லா. எல்லோரும் சிரித்தார்கள். கமலாசனி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். கண் பிழை என்று தெரிந்தால் வீட்டில் நிற்கச் சொல்லிவிடுவார்கள். வயல் மழையை நம்பியது. மாதாமாதம் வருவது இவளுடைய சம்பளம் மட்டும்தான்.

மகள் பிரஷாந்தினிக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று பள்ளிக்கூடத்தில் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். வீட்டில் புத்தகம் வாசிக்க அது வேண்டாம் என்று, லீவு விட்டதும் அலுமாரிக்குள் போட்டுவிட்டாள். கமலாசனி அதை எடுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்து வேம்பைப் பார்த்தாள். மரம் சின்னதாய், கூராய்த் தெரிந்தது. கண்ணாடி என்றால் கண்ணாடிதானே என்று நினைத்தாள்.

அடுத்த நாள் முகக்கவசத்துக்குள் அதைப் போட்டுக்கொண்டு மண்ணுக்குக் குனிந்தாள். மண் புகையாய்ப் போயிற்று. கருவி கத்திய இடம் அது. அங்கே கவசத்தை உயர்த்தக்கூடாது. உயர்த்தாமல் கண்ணாடியைக் கழற்றவும் முடியாது. மெல்லச் சுரண்டினாள். கரண்டி எதிலோ தட்டியது. வேரா? தகர மூடியா? கை தூக்கினால் சுகிர்தன் கண்ணாடியைக் காண்பான், வேலை போகும். தூக்காவிட்டால்...

தூக்கினாள்.

அவள் வெளியே வந்தபிறகு சுகிர்தன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, வெடி அரைவாசி வெளியிலை தெரியுது. கரண்டியை அதுக்கு மேலையே வைச்சிட்டு வந்திருக்கிறியள். காணேல்லையோ?"

அவள் கவசத்தைக் கழற்றினாள்.

"உது ஆற்றை கண்ணாடி?"

"பிள்ளையின்ரை. அவளுக்குப் பலகை தெரியாது."

"அது தூரம் தெரியாத கண்ணுக்கு, அக்கா. உங்களுக்குக் கிட்டத்தானே தெரியேல்லை. இதைப் போட்டா இன்னும் கலங்குமெல்லோ!"

"தம்பி, என்னை நிப்பாட்டிப் போடுவியளோ?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் மேலை சொல்லத்தான் வேணும். முதல்லை கண்ணைக் காட்டிப்போட்டு வாங்கோ."

கண் டொக்டரும் முதலில் சுவரைத்தான் காட்டினார். கடைசி வரி வரை வாசித்துவிட்டு அவளே சொன்னாள். "டொக்டர், இனி நான் வேலை செய்யிற தூரத்திலை அட்டையைப் பிடியுங்கோ." கையை நீட்டிக் காட்டினாள். அந்த ஒரு முழத்துக்குள் அட்டையில் எழுத்தே இல்லை, எறும்புதான் ஊர்ந்தது.

"நாப்பது தாண்டினா கண்ணுக்குள்ளை இருக்கிற வில்லை இறுகிப்போகும். கிட்டப் பாக்க வளையாது. இது நோய் வருத்தமில்லை, வயசு," என்றார் டொக்டர். அவர் கொடுத்த வில்லைக்குள் எழுத்துகள் கறுப்பாய் எழும்பி வந்தன.

மேலிடம் முடிவு சொல்லும்வரை களஞ்சிய அறையில் சாமான் துடைத்தாள். வீட்டில், புதுக் கண்ணாடியோடு சுளகில் புடைத்த அரிசியைப் பார்த்தவள் திகைத்துப்போனாள். இவ்வளவு கல்லையா அந்த மனிசன் தின்றது?

ஒருவழியாகக் கண்ணாடியோடு வேலை செய்யலாம் என்று பதில் வந்தது. திரும்பவும் மணலில் முழங்காலில் நின்றாள். கருவி கத்தியது. குனிந்தாள். மணல் பருக்கை பருக்கையாகத் தெரிந்தது. கரண்டி நுனியும், அதற்கு இந்தப் பக்கம் தன் விரல்களும் தெரிந்தன. எவ்வளவு கிட்ட! இத்தனை மாதமும் காணாமல் இதற்குள்தான் கையை விட்டிருக்கிறாள்.

அப்போதுதான் கை நடுங்கத் தொடங்கியது.

கரண்டியை, வைக்கிற இடத்தைப் பார்த்து, பக்கத்தில் வைத்தாள்.

"என்னக்கா?" பின்னாலிருந்து சுகிர்தன் கேட்டான்.

"ஒண்டுமில்லைத் தம்பி. கை நடுக்கம் நிக்கட்டும்."