தணிகாசலம் விட்டுவைத்த பத்து வரிசை

தணிகாசலம் இறந்துவிட்டார் என்ற செய்தி லாரி டிரைவர்களின் வாட்ஸப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. லீவுக்காக ஆளைச் சாகடிப்பது எங்கள் வேலையில் சகஜம். ஒரே மாமனாரை இரண்டு முறை அடக்கம் செய்தவர்கள் எங்களிடம் உண்டு. அவர் வீட்டுக்கே போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். "நெசந்தாம்பா. காத்தால டீ குடிச்சிக்கினு இருந்தாரு, அப்பிடியே சாஞ்சிட்டாரு" என்றார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நம்பாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: காகித ஆலைக்குத் தைல மரம் வளர்த்து அனுப்பும் ஒரு கம்பெனியில், சத்தியவேடு பக்கத்துத் தோப்புகளுக்கு அவர் சூப்பர்வைசர். எதை வெட்டலாம் என்று சொல்வது அவர். வெட்டியதை லாரியில் ஏற்றி அனுப்புவது நான். என்னைவிட நாலு வயது பெரியவர். நான் 'அண்ணே' என்பேன், அவர் 'ஏம்பா' என்பார். இருவருமே சந்தேகப் பிராணிகள். நான் மனிதர்களைச் சந்தேகிப்பேன். அவர், 'இங்கே மிருகம் எதுவும் கிடையாது' என்று யார் சொன்னாலும் சந்தேகிப்பார்.

வெட்டு தொடங்குமுன் மூன்று நாள் சாயங்காலம், ஒரு தைலக் கிளையை இழுத்துக்கொண்டே போய் ஓடைக்குப் போகும் மண் பாதையைச் சமமாக்குவார். விடிந்ததும் குந்தி உட்கார்ந்து தடம் பார்ப்பார். மான், காட்டுப்பன்றி, ஒரு முறை கரடி. பார்த்துவிட்டு ஓடையை ஒட்டிய பத்து வரிசை மரங்களை வெட்டக் கூடாது என்று சொல்லிவிடுவார். சித்தூர் ஆபீஸிலிருந்து வந்த மானேஜர் ஏன் என்று கேட்டபோது, "அதி வாட்டி தாரி சார், மனதி காது" என்று தெலுங்கில் சொன்னார். அது மிருகங்களின் வழி, நம்முடையது இல்லை என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பி, "மில்லுக்கு மரம் வேணும், சரி. மலையில இருந்து எறங்கி வர்றதுங்க மறைவு இல்லன்னா எங்க போவும்? நேரா வேர்க்கடலைக் கொல்லியிலதான் பூந்துடும்" என்றார்.

ஒரு வருடம் மழை இல்லாமல் மரம் பருக்கவில்லை. ஆலையோ லோடு கேட்டு என் கழுத்தை நெரித்தது. அப்போதுதான் அந்தப் பத்து வரிசை என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. வரப்பில் நின்று பார்த்தேன். பல மரங்களில் முழங்காலுக்குச் சற்று மேலே செம்மண் பூசியிருந்தது, எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில். செம்மரம் கடத்துகிறவர்கள் நடமாடும் சீமை இது. மரத்தில் ஒரு கோடு இருந்தால்கூட எவன் போட்ட அடையாளம் என்றுதான் எங்களுக்குத் தோன்றும். வெளி வியாபாரி யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறார், மானும் பன்றியும் வெறும் சாக்கு என்று முடிவு கட்டினேன். சித்தூருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன்.

யார் போட்டது என்று இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தீர்கள். காண்டிராக்டர் என்றீர்கள், டிரைவர் என்றீர்கள். நான்தான்.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். அந்தக் கடுதாசியை அவரிடம் காட்டி, மண் பூச்சு என்ன என்று கேட்டார்கள். "பன்னி ஒரசுது சார். சேத்துல பொரண்டுட்டு வந்து ஒடம்ப தேய்ச்சிக்கும்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். நல்ல சாமர்த்தியமான பொய் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவரைப் புத்தூர் பக்கத்து நாற்றுப் பண்ணைக்கு மாற்றினார்கள். பத்து வரிசையும் விழுந்தது.

லாரியில் ஏற்றும்போதுதான் அந்தக் கட்டைகளில் முதன்முதலாகக் கை வைத்தேன். காய்ந்த செம்மண்ணுக்குள் கறுப்பாக, முரடாக, முடி முடியாக ஒட்டியிருந்தது. மனிதர் யாராலும் அப்படி அடையாளம் போட முடியாது. அந்தப் பருவத்தில் பன்றிகள் வேர்க்கடலையில் இறங்கின. ஒரு விவசாயி கரண்டு கம்பி கட்டினார். குட்டிகளோடு ஒரு தாய்ப்பன்றி அதில் செத்துக் கிடந்ததைப் போய்ப் பார்த்தேன்.

நாற்றுப் பண்ணைக்குப் போய் அவரிடம் சொன்னேன். நாற்றுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தாமலே, "தெரியும்பா. லோடு சீட்டுல ஒன் எழுத்தத்தான நெதம் பாத்துக்கினு இருந்தேன்" என்றார். "சந்தேகப்பட்டது தப்பில்ல. பத்தடி எறங்கி வந்து தொட்டுப் பாத்திருக்கலாம் இல்ல?" மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் என்னோடு பழையபடி பேசினாரா, பேசுவதாகக் காட்டிக்கொண்டாரா என்பது எனக்குக் கடைசி வரை சந்தேகம்தான்.

இப்போது அவர் பார்த்த வேலையை நான் பார்க்கிறேன். வெட்டிய அடிக்கட்டைகள் துளிர்த்து அந்த வரிசைகள் மறுபடி மரமாகிவிட்டன. செம்மண் பூச்சும் திரும்பி வந்துவிட்டது. ஆலை லோடு கேட்கிறது. ஓடையோரம் பத்து வரிசையை வெட்டக் கூடாது என்று போன வாரம் சித்தூருக்கு எழுதினேன், கீழே என் பெயரைப் போட்டு. நாளை விசாரிக்க வருகிறார்கள். இதில் எனக்கு என்ன பங்கு என்று கேட்பார்கள்; அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். தணிகாசலம் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பத்து வரிசையும், யாரும் நம்பாத அவருடைய பதிலும்தான். நாளை அதையே சொல்லப்போகிறேன்: பன்னி ஒரசுது சார்.