உப்பளத்தில் ஒரு ஜோடிப் படம்

வேதாரண்யத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து நான் குடிவந்தபோது, பக்கத்து வீட்டில் உப்பளத்து வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும் இருந்தார்கள். முதல் வாரத்திலேயே அந்த அம்மாள் எனக்கு அக்காவாகவும், அவர் கணவர் மாமாவாகவும் ஆகிவிட்டார்கள். மீன் வாங்கினால் எனக்கும் சேர்த்து ஆய்ந்து கொடுத்துவிடுவார் அக்கா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்ணுக்குக் கடல் மீன் ஆயத் தெரியாது என்பது அவருடைய முடிவு. அது உண்மையும்கூட.

அப்போது பழைய கேமரா ஒன்று வாங்கியிருந்தேன். கோடியக்கரைக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுக்க ஆசை. படத்தில் பறவைகள் எல்லாம் கடுகளவுக்குத்தான் விழுந்தன.

அக்காவின் ஒரே மகளுக்குத் தஞ்சாவூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது என்னிடம் வந்தாள்.

“சித்தி, அம்மாவும் அப்பாவும் சேந்தாப்புல ஒரு போட்டோ வேணும். கல்யாண ஆல்பம் புயல்ல நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. பிரிச்சா மூஞ்சிதான் உரிஞ்சு வருது.”

“ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போவமா?”

“வேணாம் சித்தி. வேலை செய்யிற எடத்துலயே எடுங்க. ஹாஸ்டல்ல இருக்கையில அப்படிப் பாத்தாதான் எங்க அம்மா அப்பா மாதிரி இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். வெயில் சுள்ளென்று அடித்தது. வாரிக் குவித்த உப்புக்கு முன்னால் இருவரையும் நிறுத்தி, பத்துப் படம் எடுத்தேன். திரையை எட்டிப் பார்த்த அக்கா கேட்டார்:

“இதுல நாங்க எங்கம்மா இருக்கோம்?”

இருவரின் முகமும் கரிக்கட்டையாக இருந்தது. உப்பும் வெள்ளையாக இல்லை, சாம்பல் நிறத்தில் கிடந்தது. “வெயில்ல கறுத்துப் போனோம்னு தெரியும். இவ்வளவு கறுப்புன்னு தெரியாது” என்று மாமா சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து யூடியூபில் தேடினேன். கேமராவின் கணக்கு விசித்திரமானது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரமான சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எதிரே வெள்ளை நிறைய இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். நாம்தான் வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு தட்டில் பச்சரிசியைப் பரப்பி, நடுவில் ஒரு புளி உருண்டையை வைத்துப் பழகினேன். ஒவ்வொரு படியாகக் கூட்டக் கூட்டப் புளியின் நார் தெரிய ஆரம்பித்தது. தட்டுக்கு முன்னால் மண்டியிட்டிருந்த என்னை ஜன்னல் வழியாகப் பார்த்த அக்கா, “பூசை ஏதும் பண்றியா?” என்றார்.

மறு ஞாயிறு காலையில் எடுத்தபோது முகங்கள் நன்றாக வந்தன. அக்காவுக்குத் திருப்தி. மாமாதான் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இது உப்பா? கோலமாவு மாதிரில்ல இருக்கு. கல்லு கல்லா தெரிய வேணாமா?”

அவர் சொன்னது சரி. முகத்துக்காகக் கூட்டியதில் உப்பு வெளுத்து, ஒரு கல்கூடத் தெரியவில்லை. முகமும் வேண்டும், உப்பும் வேண்டும் என்றால் என்ன செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை.

“நாலரைக்கு மேல வாம்மா. அப்ப வெயில் சாய்ஞ்சிரும்” என்றார் மாமா.

சாயங்காலம் மறுபடி போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. இருவரும் சூரியனுக்கு முதுகைக் காட்டியபடி, குவியலைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். “இதப் பாத்தாப்புல நின்னா கண்ணு கூசுது” என்று அக்கா அலுத்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் நிழலே இல்லை. குவியலில் பட்ட வெயில் திரும்பி வந்து இருவர் முகத்திலும் மெதுவாக விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் நான் குவியலை அவர்களுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அது என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

குவியலை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவர்களுக்குப் பின்னால் பாத்திகள் மினுங்கின. வரப்பில் சின்னச் சின்னதாகச் சேர்த்து வைத்திருந்த உப்பு, சாய்ந்த வெயிலில் கல் கல்லாகத் தெரிந்தது. கேமராவைக் கண்டதும் இருவரும் விறைத்துப் போனார்கள். நான் கேமராவை இறக்காமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா பொறுமை இழந்து, “கன்னத்துல உப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு, தொடைங்க” என்று மாமாவின் பக்கம் திரும்பினார். அவர் துடைத்தது தப்பான கன்னத்தை. அக்கா சிரித்துவிட்டார். அப்போது எடுத்தேன்.

பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தேன். படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் அக்கா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். நல்லதாக ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன்.

“இவரு எப்ப இப்படி எளைச்சாரு? தெனம் பாத்துக்கிட்டுதானே இருக்கேன், தெரியலையே” என்றார்.

மறுநாள் முதல் மாமாவின் தூக்குச்சட்டிக்குத் துணையாக ஒரு டப்பாவும் போனது. அதில் அவித்த முட்டை, வறுத்த மீன், ஒருநாள் நெய் போட்ட பருப்பு. ஒரு வாரம் கழித்துத் தெருவில் என்னை நிறுத்தினார் மாமா.

“ஏம்மா, ஒரு போட்டோவ எடுத்துக் குடுத்துட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட. தின்னு தின்னு எனக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் குண்டாத் தெரியிற மாதிரி இன்னொண்ணு எடுக்க முடியுமா?”

முடியாது என்றேன்.