பேசாத ஸ்பீக்கர்

“ஓசூர். அவருடைய ஸ்பீக்கர் இன்றும் பேசவில்லை.” 1998 நவம்பர் நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்.

அவர் எங்கள் கியர் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளம் வைத்திருந்தார். கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் காதை வைப்பார். லினக்ஸ் போடுவதற்கு முன் மைக்கைச் சோதித்த நாளில் பதிவான மனைவியின் குரல் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. சாதம் ஆறிப்போகிறது என்று தெலுங்கில் ஒரு திட்டு. அந்த அம்மா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

சவுண்ட் கார்டு கம்பெனி கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் மூல நிரலை வெளியிடவில்லை. அப்படிப்பட்ட எதையும் அவர் வைத்திருந்த லினக்ஸ் சேர்த்துக்கொள்வதில்லை; அதனால்தான் ஸ்பீக்கர் பேசவில்லை.

“கம்பெனியே புது டிரைவர் குடுக்குதே சார், போட்டுக் கேளுங்க” என்றேன்.

“ஒருக்கா போட்டேனுங்க. நல்லாத்தான் திட்டுனா. லினக்ஸைப் புதுசா மாத்துனதும் ஊமையாயிருச்சு. உள்ளே திறந்து சரிபண்ண வழியில்ல. ரெண்டு தடவ போயிட்டா சார். மூணாவது தடவ வேண்டாமுங்க.”

கார்டின் விவரம் கேட்டுக் கம்பெனிக்கு எழுதியிருந்தார். வந்தால் டிரைவரைத் தானே எழுதுவாராம். நான் அறிந்தவரை பதில் வரவில்லை.

அடுத்த ஆண்டு வேலையை விட்டு அஞ்செட்டிப் பக்கம் போய்விட்டார். அங்கே ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் தெலுங்கில் திட்டுகிறது என்று கேன்டீன்காரர் பிறகு சொன்னார். அது அவர் வீடுதானா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.