சலவை அறையில் ஒரு நடிகரின் வெற்றிகள்

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாளை டேனிஷ் வகுப்பில், புகழ்பெற்ற அமெரிக்க நடிகர் ஒருவரின் திரைவாழ்க்கையைப் பற்றி நான் பேச வேண்டும். வீட்டில் தம்பி சிரிப்பான். அதனால் டென்மார்க்கின் புரொண்பி நகரில் எங்கள் அடுக்குமாடியின் பொதுச் சலவை அறையில் பேசிப் பார்த்தேன். அங்கே யாரும் அசையாவிட்டால் விளக்கு தானாக அணைந்துவிடும்.

மேல்மாடி சாந்தி மாமி உடுப்புக் காயும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்து கேட்டார். நான் ஆசிரியை சொன்னபடி நேராக நின்று, முதல் படம், முதல் விருது, இரண்டாவது விருது என்று வரிசையாகச் சொன்னேன்.

விளக்கு அணைந்தது. மாமி கையை ஆட்டினார். எரிந்தது.

"பிள்ளை, அந்தாளுக்கு ஓடாத படமே இல்லையோ?"

"இருக்கு மாமி. ஒரு படம் படுதோல்வி. பிறகு கனகாலம் ஒருத்தரும் கூப்பிடேல்லை."

"ஐயோ!" மாமி எழும்பியே விட்டார். "அப்ப வீட்டு வாடகை? அந்தாளின்ர மனுசி என்ன சொன்னவ? இதை விட்டிட்டு என்னடி விருதுகளை அடுக்கிறாய்?"

"சாதனைகளைத்தான் சொல்ல வேணும், மாமி."

"சரி, சொல்லு." மாமி மறுபடி உட்கார்ந்தார்.

நாளை எதைச் சொல்ல, எதை விட? நீங்களே சொல்லுங்கள். மாமியிடம் கேட்க முடியவில்லை. நான் வாழ்நாள் சாதனை விருதுக்கு வந்தபோது மாமி குறட்டை விட்டார், விளக்கும் அணைந்துவிட்டது.