சுரங்கத்துக்குள் கூப்பிட்ட பெரட்டு

சரசு, மணி, ரெண்டு பேரும் இதைப் படியுங்கள். "மலைநாட்டுக் கோச்சிப் பயணத்தில் கண்டு களிக்க வேண்டிய காட்சிகள்" என்று வாத்தியார் கட்டுரை கேட்டிருக்கிறார், நீங்கள் சொல்லுங்கள் அப்பா என்று நேற்று வந்து நின்றீர்கள். நான் எரிந்து விழுந்தேன். கோபம் உங்கள் மேல் இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதித் தருகிறேன், கட்டுரைக்கு ஆகுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாவலப்பிட்டியில் கோச்சி ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் பூட்டுவார்கள், அது தள்ளத் தள்ள மலை ஏறும். வட்டவளையில் எப்போதும் மழை. ஹட்டனுக்குக் கிட்ட, வானம் தெளிந்திருந்தால் சிவனொளிபாதமலை தெரியும். ஹட்டனை விட்டதும் பெரிய சுரங்கம். அதற்குள் நுழைந்ததும் எல்லோரும் ஊ என்று கத்துவார்கள், நீங்களும் கத்துவீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். ஏன் என்று மணி ஒருதரம் கேட்டான்.

பேய், முனி, காத்துக் கருப்பு எதையும் நான் நம்பியவன் இல்லை. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எத்தனையோ வருஷம் இரவு வேலை பார்த்திருக்கிறேன், எலியைத் தவிர வேறொன்றையும் அங்கே கண்டதில்லை.

சரசு அப்போது கைக்குழந்தை. பிரஜாவுரிமை விசாரணைக்கு என்னைக் கண்டிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் பிறந்தது இங்கே, இலங்கைத் தோட்டத்தில். ஆனாலும் என்னைப் பெற்றவரும் இந்த நாட்டிலேயே நிலைத்தவர் என்று காட்ட வேண்டுமாம், காட்டாவிட்டால் எனக்கு நாடில்லை, எனக்கு இல்லையென்றால் உங்களுக்கும் இல்லை.

உங்கள் தாத்தா ராமையா, எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, அந்தச் சுரங்க வாசலில் மழைக்குச் சரிந்த மண்ணை அள்ளப் போனார். அள்ளிக்கொண்டிருக்கும்போதே மலை மறுபடியும் இறங்கியது. சிலரை எடுத்தார்கள். அவரையும் இன்னும் சிலரையும் எடுக்க முடியவில்லை.

விசாரணையில் அதிகாரி இங்கிலீசில் கேட்டார், பக்கத்தில் நின்றவன் தமிழில் சொன்னான்.

"உங்கப்பன் செத்ததுக்கு அத்தாட்சித் துண்டு இருக்கா?"

"ஆளே கிடைக்கலைங்க. துண்டுக்கு நான் எங்கங்க போவேன்?"

அதிகாரி ஏதோ முணுமுணுத்தார். மற்றவன் சிரித்துக்கொண்டே, "அப்ப அவன் சாகல, இந்தியாவுக்கு ஓடியிருப்பான்னு ஐயா சொல்றாரு. அங்க இன்னொரு பொண்டாட்டி இருந்திருப்பாளாம்" என்றான்.

அந்த மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "சரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தச் "சரிங்க" இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

அன்றைக்கே பகல் கோச்சியில் திரும்பினேன். எதிரே கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு உல்லாசமாகப் போகிற வாலிபர்கள் நாலைந்து பேர், ஒரே பாட்டும் தாளமும். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் என்னிடம் குனிந்தான்.

"அண்ணே, நீர்வீழ்ச்சி எந்தப் பக்கம் வரும்?"

"எல்லாப் பக்கமும் தண்ணி வரும் தம்பி. எங்க லயத்து வீடுகள்ல பீலிக் குழாயில மட்டும்தான் வராது."

"அண்ணன் சூடா இருக்காரு, யாராவது ஐஸ் வாங்கிக் குடுங்கடா!" என்று அவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் சுரங்கம் வந்துவிட்டது. பெட்டியில் விளக்கில்லை. ஊ என்று கத்தினார்கள்.

கத்தி ஓய்ந்த இருட்டில் ஒரு குரல் பேர் கூப்பிட்டது. நம்பினால் நம்புங்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி பேர் கூப்பிடுவாரே, அதே இழுவை.

"மாரிமுத்து!"

"இருக்கேங்க."

"பழனியாண்டி!"

"இருக்கேங்க."

பெட்டிக்குள்ளே இருந்து இல்லை, ஜன்னலுக்கு வெளியே, கல்லுக்குள்ளே இருந்து. கோச்சி ஓடிக்கொண்டிருக்கிறது, குரல்கள் மட்டும் பின்தங்கவே இல்லை.

"ராமையா!"

"இருக்கேங்க."

சளி கட்டிய குரல். எட்டு வயது வரைக்கும் நான் பக்கத்தில் படுத்துக் கேட்ட குரல், அது எனக்குத் தெரியாதா? எந்த இந்தியாவுக்கு ஓடினார் அந்த மனிதர்?

அடுத்து, "ராமையா மகன் சின்னச்சாமி!"

என் பேர். அந்தக் குரல் காத்திருந்தது. பிறகு கொஞ்சம் அதட்டலாக, "சின்னச்சாமி!" அப்போது வெளிச்சம் வந்துவிட்டது.

கறுப்புக் கண்ணாடிக்காரன் முகத்தில் சிரிப்பில்லை.

"அண்ணே, வெளியில யாரு பேசுனது?"

"உனக்கும் கேட்டுச்சா?"

அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். கொட்டகலையில் நான் இறங்கும்வரை அவன் அதைத் திறக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. தகப்பனார் இங்கே இருந்ததற்கு ஆதாரம் இல்லையாம், விண்ணப்பம் தள்ளுபடி. ஆதாரம் அந்த மலைக்குள் கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் அந்த அதிகாரியும் பெண்டாட்டி பிள்ளைகளோடு லீவுக்குப் போவார், ஜன்னலோரம் உட்கார்ந்து காட்சி பார்த்துக்கொண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விறகுக்குப் போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, தண்டவாளம் வழியாகத் தனியாக நடந்தேன். பட்டப்பகல். சுரங்க வாசலில் நிமிர்ந்து நின்று, உள்ளே பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"இருக்கேன்!"

அங்கே இருமினால்கூட எதிரொலிக்கும். என் குரல் உள்ளே போனது. வெகுநேரம் நின்று பார்த்தேன். அது திரும்பி வரவில்லை.